பேப்பர் கோன் ஏன் பிரிகிறது? கேக்கில் எழுத அது போதுமா?

கேள்வி கேட்டவர் வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவர். கேக்கின் மேல் பெயர் எழுதுவதற்காகப் பட்டர் பேப்பரில் கோன் சுற்றுகிறார். பாதி எழுதும்போதே கோன் பிரிந்துகொள்கிறது, இல்லையென்றால் முனை ஊறிக் கிழிந்துபோகிறது. டேப் ஒட்டியும் நிற்கவில்லை. பேசாமல் கிரீமை நிரப்பிப் பிழியும் பிளாஸ்டிக் பைப்பிங் பையும், அதன் முனையில் பொருத்தும் நாசில் செட்டும் வாங்கிவிடலாமா, பேப்பர் கோன் என்பது பழைய காலத்துப் பழக்கம்தானா என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தக் கேக் கொடுக்க வேண்டுமாம். கேக் கண்ணனுக்கும் அவருக்கு நிச்சயமான பெண்ணுக்கும். பெயர்களைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று வீட்டார் சொல்லிவிட்டார்களாம்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கோன் ஏன் கெடுகிறது என்பது ஒன்று. காகிதமா பிளாஸ்டிக்கா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதை முடிவு செய்தால், நல்ல கருவி ஒன்றை வீணாகக் கைவிட்டதாகிவிடும். பேக்கரியில் ஐசிங் வேலை பார்த்தும், பிறகு வீட்டில் கேக் செய்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிற அனுபவத்தில் சொல்கிறேன்: கோன் பிரிவது பெரும்பாலும் சுற்றும் முறையில் உள்ள குறை, ஊறிக் கிழிவது தாளில் உள்ள குறை. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் சரிசெய்ய முடியும்.

முதலில் தாள். நம் ஊர்க் கடைகளில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பது கடையைப் பொறுத்தது. ஸ்டேஷனரி கடையில் கேட்டால் கட்டட வரைபடம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய தாளை எடுத்துக் கொடுப்பார்கள். அது உணவுக்கானது அல்ல, அதைத் தொடவே வேண்டாம். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைப்பதிலும் குறைந்தது மூன்று வகைகள் உண்டு. ஒன்று, எண்ணெய் புகாத தாள். மரக்கூழை மிக நுணுக்கமாக அரைத்து, இழைகளுக்கு இடையே சந்து இல்லாமல் நெருக்கிச் செய்வது. வெண்ணெயை நன்றாகத் தடுக்கும். ஆனால் நீர் பட்டுக்கொண்டே இருந்தால் தளர்ந்துவிடும். இரண்டாவது, பார்ச்மென்ட் தாள். காகிதத்தைக் கந்தக அமிலத்தில் சற்று நேரம் தோய்த்துக் கழுவி எடுப்பதால் அதன் மேற்பரப்பு இறுகி, நனைந்தாலும் எளிதில் கிழியாத வலு வந்துவிடுகிறது. மூன்றாவது, சிலிக்கோன் பூசிய பேக்கிங் ஷீட். பிஸ்கட் ஒட்டாமலிருக்கத் தட்டில் விரிக்கிறோமே, அது. அதில் எதுவும் ஒட்டாது, டேப்பும் ஒட்டாது.

டேப் போட்டும் நிற்கவில்லை என்று அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிலிக்கோன் பூசிய தாளாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. முனை ஊறுகிறது என்பதைப் பார்த்தால் எண்ணெய் புகாத தாளாக இருக்கலாம். ஒருவேளை இரண்டு முறை இரண்டு வகைத் தாள்களைப் பயன்படுத்தியிருப்பார். தாளைக் கையில் பிடித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதை அவரே சோதித்துக்கொள்ளலாம். தாளில் ஒரு துண்டு கிழித்து, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கழித்து விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் எளிதாக உள்ளே போனால் அந்தத் தாள் ராயல் ஐசிங்குக்கு, அதாவது முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் ஐசிங்குக்கு, உதவாது. சாக்லேட்டுக்கும் பட்டர் கிரீமுக்கும் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு துண்டில் கொஞ்சம் வெண்ணெய் தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் அது பட்டர் கிரீமுக்கும் உதவாது. இரண்டு சோதனையிலும் தேறியதை மட்டும் தனியாக எடுத்து வைத்து, வாங்கிய கடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள், காலண்டர் தாள், அச்சடித்த எந்தத் தாளும் கூடவே கூடாது. உணவைப் பொதிய செய்தித்தாள் பயன்படுத்துவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிமுறைகளே தடை செய்திருக்கின்றன. கோனில் ஐசிங் கொஞ்ச நேரம்தானே இருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இப்போது சுற்றும் முறை. இதுதான் உயிர். 30 சென்டிமீட்டர் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். அளவான கோன்கள் இரண்டு செய்யலாம். பெயர் மட்டும் எழுதுவதற்கு 20 சென்டிமீட்டர் சதுரமே போதும். கத்தரிக்கோலால் வெட்டும்போது நீண்ட பக்கம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளிதான் கோனின் முனையாகப் போகிறது. அங்கே ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் ஐசிங் கோணலாக வரும்.

நீண்ட பக்கம் உங்களுக்கு எதிரே தள்ளி இருக்கும்படியும், செங்கோண மூலை உங்கள் வயிற்றைப் பார்க்கும்படியும் முக்கோணத்தை மேசையில் வையுங்கள். வலது மூலையை எடுத்து உள்பக்கமாகச் சுருட்டிக் கொண்டுவந்து, உங்கள் பக்கம் உள்ள மூலையின் மேல் பொருத்துங்கள். பாதிக் கோன் தெரியும். அந்த இரண்டு மூலைகளையும் வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இடது மூலையைக் கோனின் வெளிப்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அதே மூலைக்குப் பின்னால் சேருங்கள். மூன்று மூலைகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் இத்துடன் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். கோன் பிரிவதற்குக் காரணமே அதுதான். மூலைகள் சேர்ந்தாலும் முனையில் இன்னும் ஒரு துளை இருக்கும், அடுக்குகளும் தளர்வாக இருக்கும்.

இரண்டு கட்டைவிரல்களையும் கோனுக்குள் விட்டு, மற்ற விரல்களை வெளியே வைத்து, உள்ளடுக்கின் மூலையை உங்கள் பக்கம் இழுத்தபடி வெளியடுக்கின் மூலையை எதிர்த்திசையில் நகர்த்துங்கள். பிறகு மாற்றி நகர்த்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஆட்டினால் முனை தானாகக் கூர்மையாகி ஊசி போல மூடிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஜன்னல் பக்கம் திருப்பி, கோனின் அகன்ற வாய் வழியாக உள்ளே பாருங்கள். முனையில் துளி வெளிச்சமும் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். இறுகியதும் மூன்று மூலைகளையும் சேர்த்து உள்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து நகத்தால் நன்றாகத் தேயுங்கள். மடித்த இடத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறிய கிழிசல்கள் விட்டு, நடுவில் உள்ள நாக்கை உள்ளே மடித்துவிட்டால் அது தாழ்ப்பாளாகிவிடும். டேப்பே தேவையில்லை. ஸ்டேப்ளர் பின் அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, நான் அனுமதிப்பதில்லை. பின் கழன்று கிரீமில் விழுந்தால் யார் வாயில் போகும் என்று தெரியாது. சாக்லேட் இறுகிவிட்டதென்று மைக்ரோவேவில் வைத்தாலும் ஆபத்து.

சுற்றும்போது தாள் முரண்டு பிடித்தால் அதற்கும் காரணம் இருக்கிறது. எந்தத் தாளிலும் இழைகள் ஒரு திசையில் அதிகமாக ஓடும். அந்தத் திசையை ஒட்டிச் சுருட்டினால் இணங்கி வரும். குறுக்காகச் சுருட்டினால் எதிர்த்து விரியும். ரோலில் வரும் தாள் ஏற்கெனவே ஒரு பக்கம் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் கோனின் உள்பக்கமாக வரும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

நிரப்புவதில் பேராசை கூடாது. பாதிக்கு மேல் நிரப்பவே வேண்டாம். எழுதுவதற்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். சிறிய கரண்டியால் அடிவரை கொண்டுபோய் வைத்து, கோனை வெளியிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டு கரண்டியை உருவினால் ஐசிங் உள்ளேயே தங்கும், விளிம்பில் அப்பாது. பிறகு வாயின் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்து, மேல் பகுதியைக் கீழ்நோக்கி மடிக்க வேண்டும். எந்தப் பக்கமாக மடிக்கிறோம் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வெளியடுக்கின் ஓரம் ஒரு கோடாக முனை வரை போகிறது அல்லவா? அந்தக் கோடு இல்லாத எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். அப்படி மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் அந்த ஓரத்தை இழுத்து இறுக்கும். கோடு உள்ள பக்கமாகவே மடித்தால் ஓரம் தளர்ந்து, அழுத்திய உடனே ஐசிங் பக்கவாட்டில் பிதுங்கும். கேள்வி கேட்டவர் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும் என்பது என் யூகம்.

முனையை வெட்டும்போது குறைவாக வெட்டிப் பழகுங்கள். துளை சிறிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். பெரிதாகிவிட்டால் அந்தக் கோன் அந்த வேலைக்கு ஆகாது. கூர்மையான கத்தரிக்கோலால் முனைக்குச் செங்குத்தாக ஒரே வெட்டு. சாய்வாக வெட்டினால் ஐசிங் ஒரு பக்கமாக வளையும். இலை வேண்டும் என்றால் முனையைத் தட்டையாக அழுத்தி, இரு பக்கமும் சரித்து, அம்பு நுனி போல வெட்டுங்கள். அழுத்திக்கொண்டே இழுத்து நிறுத்தினால் நடுநரம்போடு இலை விழும், நாசில் வேண்டியதில்லை. நட்சத்திரப் பூ போன்றவற்றுக்கு நாசில் வேண்டும். அப்போது நிரப்புவதற்கு முன்பே முனையை வெட்டி, சிறிய நாசிலை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். நாசிலில் பாதிக்கும் குறைவாகவே வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் அழுத்தத்தில் நழுவி வெளியே வந்துவிடும்.

எதைக் கொண்டு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ராயல் ஐசிங் என்றால் ஒரு முட்டை வெள்ளைக்கரு அளவுக்குச் சுமார் 200 கிராம் ஐசிங் சர்க்கரை பிடிக்கும். பச்சை முட்டையில் கிருமி அபாயம் இருப்பதால், விற்பனைக்குச் செய்பவர்கள் மெரிங் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கரு சேர்ந்த தூள்) பயன்படுத்துவதே நல்லது. சர்க்கரையை மெல்லிய சல்லடையில் சலித்தே ஆக வேண்டும். மெல்லிய முனையில் ஒரு சின்னக் கட்டி அடைத்துக்கொண்டால் அழுத்தம் பின்னால் ஏறி, கோன் பிளந்துவிடும். அளவுக்கு மீறி அடித்த ஐசிங்கில் காற்றுக் குமிழிகள் நிறைய இருக்கும். கோடு இழுக்கும்போது குமிழி வந்த இடத்தில் அறுந்துவிடும். எடுத்த கொஞ்சத்தை ஒரு தட்டில் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துக் குமிழிகளை உடைத்துவிட்டு நிரப்புங்கள். எழுதாத நேரத்தில் முனையை ஈரத்துணியில் பொதிந்து வைத்தால் காயாது. கொழுப்பு பட்டால் ராயல் ஐசிங் கெட்டியாக நிற்காது. திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் பையில் முந்தைய கிரீமின் எண்ணெய்ப் பசை எங்காவது மிஞ்சியிருக்கும். புதிய காகிதக் கோனில் அந்தக் கவலையே இல்லை.

ஆனால் விப்பிங் கிரீம் பூசிய கேக்கின் மேல் ராயல் ஐசிங்கில் எழுதாதீர்கள். கிரீமில் உள்ள ஈரத்தை இழுத்து, எழுத்து கசிந்து கரைந்துவிடும். அதன் மேல் எழுத உருக்கிய சாக்லேட் அல்லது நிறம் கலந்த பைப்பிங் ஜெல் சரியாக இருக்கும். சாக்லேட் என்றால் கோனுக்குள் ஒரு துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். வீட்டில் பெரும்பாலும் பயன்படுத்தும் காம்பவுண்ட் சாக்லேட்டை, அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்ததை, உருக்கிச் சற்று ஆறவிட்டு நிரப்பினால் போதும். கோகோ வெண்ணெய் உள்ள அசல் டார்க் சாக்லேட் என்றால் பதப்படுத்தி (உருக்கி, அளவாக ஆறவைத்து, மறுபடி லேசாகச் சூடாக்கி) 31, 32 டிகிரி செல்சியஸில் வேலை செய்ய வேண்டும். முனையில் இறுகிவிட்டால் சுடுநீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கத்தில் சில விநாடிகள் சாய்த்துப் பிடித்தால் இளகும். நீராவி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் பழகிய கை தமிழில் திணறுவதை வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். கோடு தடித்தால் சுழி அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி ‘ண’ வெறும் கட்டியாகத் தெரியும். கண்ணன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி ணகரம் அடுத்தடுத்து இரண்டு முறையும், இரண்டு சுழி னகரம் ஒரு முறையும் வருகின்றன. தலைக்கு மேல் இரண்டு புள்ளிகள். எழுத்து 2 சென்டிமீட்டர் உயரம் என்றால் கோட்டின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பேப்பர் கோனின் பெருமை இங்கேதான் தெரியும். முனையை நீங்களே வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், அழுத்தினாலும் காகிதம் இழுபடாது என்பதால் தடிமன் மாறாது. மெல்லிய பிளாஸ்டிக் பையின் முனையை வெட்டி எழுதினால், பையை ஒட்டிய தையல் அந்த முனையிலேயே இருப்பதால் ஐசிங்கைச் சுருட்டிவிடும். கையில் மருதாணி கோன் பிடித்துப் பழகியவர்கள் இந்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மேலிருந்து கட்டைவிரலால் அழுத்துவதும், அழுத்தத்தை விட்ட பிறகே முனையைத் தூக்குவதும் இரண்டுக்கும் பொதுவானவை.

நேர்கோடுகளை, அதாவது ‘க’வின் மேல்கோட்டையும் ‘ன’வின் கடைசிக் காலையும், கேக்கைத் தொடாமல் எழுதுங்கள். முனையால் ஒரு இடத்தைத் தொட்டு, ஐசிங் இழையை ஒட்டவைத்து, இரண்டு சென்டிமீட்டர் மேலே தூக்கி, இழையைப் போக வேண்டிய இடத்தில் படுக்கவிட்டு, முடிவில் மறுபடி இறக்குங்கள். தூக்கி எழுதினால் கை நடுக்கம் கோட்டில் தெரியாது. சுழிகளுக்கு அப்படித் தூக்க முடியாது. முனை பரப்புக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சுழியில் தொடங்கி வெளியே வருவதுதான் வசதி, தாளில் எழுதுவதும் அப்படித்தானே. புள்ளிகளை எல்லா எழுத்துகளும் முடிந்த பிறகு ஒரே அழுத்தத்தில் வரிசையாக வையுங்கள். அழுத்தி, அழுத்தத்தை நிறுத்தி, முனையைச் சின்ன வட்டமாகச் சுழற்றி எடுத்தால் வால் நிற்காது. நின்றால் ஈரத் தூரிகையால் தட்டிவிடலாம்.

எழுத்துக்கு இடம் பிரிப்பதையும் முன்பே செய்துவிட வேண்டும். அரைக் கிலோ கேக்கின் முகம் சுமார் 15 சென்டிமீட்டர்தான். ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ ஒரே வரியில் அடங்காது, இரண்டு வரியாகத்தான் வரும். பெயர்களுக்கும் அதே கணக்கு. பெயரைத் தாளில் அதே அளவில் எழுதி, அதன் மேல் ஒரு கண்ணாடித் தட்டையோ தெளிவான பிளாஸ்டிக் தாளையோ வைத்து ஐசிங்கால் எழுதிப் பழகுங்கள். ராயல் ஐசிங்கை உடனே சுரண்டி எடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கை பழகிய பிறகு கேக்கின் மேல் பல்குத்தும் குச்சியால் எழுத்துகளின் நடுப்புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேக்கைச் சுற்றி விப்பிங் கிரீமில் பார்டர் போடுவதற்கும் பெரிய ரோஜாக்களுக்கும் பெரிய நாசில் வேண்டும், நிறைய கிரீம் பிடிக்க வேண்டும். காகிதக் கோன் அந்தக் கனத்தைத் தாங்காது. அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும், அதற்குள் கிரீம் இளகிவிடும். பட்டர் கிரீமும் கோடையில் தொல்லைதான். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும், நம் சமையலறை மே மாதத்தில் அதைவிடச் சூடு. உள்ளங்கையின் சூடும் சேரும். அதற்குச் சிறிய கோன்களாக மூன்று நான்கு நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்து, மாற்றி மாற்றி எடுப்பது உதவும். கிரீம் ரோஜா வேலையில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் பழக்கம் ராயல் ஐசிங்கிலும் சாக்லேட்டிலும்தான். எந்த நாசில் எண் ரோஜாவுக்குப் பொருந்தும் என்பதை அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்த வார நிச்சயதார்த்தக் கேக்குக்கு என் யோசனை இது. கேக் விப்பிங் கிரீம் என்றால் பார்டரைப் பிளாஸ்டிக் பையில் ஒரே ஒரு நட்சத்திர நாசில் வைத்துப் போட்டுவிடுங்கள். செட் முழுவதும் வாங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பெயர்களை மட்டும் காகிதக் கோனில், டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டில் எழுதுங்கள். கேக்கிலேயே எழுதத் தயக்கமாக இருந்தால் வழி உண்டு. பெயர் எழுதிய தாளின் மேல் பேக்கிங் ஷீட்டை விரித்து அதில் எழுதுங்கள். தனித்தனி எழுத்துகள் பிரிந்துபோகாதபடி அடியில் ஒரு கோட்டை இழுத்து எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, குளிர்பெட்டியில் இறுகவைத்துப் பெயர்த்து எடுத்து, கேக்கின் மேல் வைக்கலாம். புள்ளிகள் தனியாக நிற்பதால் அவற்றை மட்டும் கேக்கில் நேரடியாக வையுங்கள். கோன்களை முதல் நாளே ஆறேழு சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஈரம் படாத டப்பாவில் மூடி வையுங்கள். அப்போதும் பிரிந்தால், நிரப்புவதற்கு முன் ஒரு கோனின் முனையையும் வெளியடுக்கின் ஓரத்தையும் அருகிலிருந்து படமெடுத்துப் போடுங்கள். எந்த இடத்தில் தளர்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.